கையால் தைக்கும் குட்டி பொம்மை: எதை வாங்குவது, எதை விடுவது?

டிசம்பர் நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகள் கேக், ஸ்டார், புதுத்துணி என்று போகும். இந்த முறை பாதிக்கு மேல் ஒரே விஷயம்: நெய்யாமல் நாரை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணியில் யானை, ஆந்தை, பூனை என்று உள்ளங்கையில் அடங்கும் விலங்குகளைத் தைத்து, பஞ்சு அடைத்து, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடவோ பரிசாகக் கொடுக்கவோ என்ன வாங்க வேண்டும், எங்கே வாங்க வேண்டும், ஏமாந்தால் என்ன செய்வது. எல்லாவற்றையும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, ராயபுரத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் மரம் வைப்பார்கள். இந்த வருடம் பத்து குட்டி விலங்குகளை நானே தைத்துக் கொடுக்கலாம் என்று ஆசை. ஆன்லைனில் ஒரு கிட் 599 ரூபாய், ஆறு பொம்மை வரும் என்று போட்டிருக்கிறது. அதை வாங்குவதா, சாமான்களைத் தனித்தனியாக வாங்குவதா? எனக்குப் பட்டன் தைக்க மட்டும்தான் தெரியும். அவர்கள் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. (பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: தனித்தனியாகவே வாங்குங்கள். 599-ஐ ஆறால் வகுத்தால் ஒரு பொம்மைக்கு நூறு ரூபாய் ஆகிறது. உங்களுக்குப் பத்து வேண்டும், அதனால் இரண்டு கிட். அதில் துணியும் நூலும் பஞ்சும் கைப்பிடி அளவுதான் இருக்கும். மீதிக் காசு அட்டைப் பெட்டிக்கும், வெட்டி வைத்த வடிவத்துக்கும், படம் போட்ட காகிதத்துக்கும் போகிறது. பத்து வயதுப் பிள்ளை லீவில் தானாக உட்கார்ந்து தைக்கட்டும் என்றால் கிட் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. பட்டன் தைக்கத் தெரிந்த பெரியவருக்கு அது தேவையில்லை.

ஆனால் தனியாக வாங்கும்போது காசு வேறு வழியில் போகும். தேவைக்கு மேல் வாங்கிவிடுவோம். அதனால் கடைக்குக் கிளம்பும் முன் கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

ஏ4 அளவு ஃபெல்ட் ஷீட் என்பது 21 சென்டிமீட்டர் அகலம், 29.7 சென்டிமீட்டர் நீளம். ஒரு பொம்மைக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு துண்டு வேண்டும். பொம்மை 8 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்குவது என்று வைத்தால், அகலத்தில் இரண்டு, நீளத்தில் மூன்று, மொத்தம் ஆறு துண்டு. அதாவது ஒரு ஷீட்டில் மூன்று பொம்மை. அதையே 7 சென்டிமீட்டராகக் குறைத்தால் அகலத்தில் மூன்று, நீளத்தில் நான்கு, மொத்தம் பன்னிரண்டு துண்டு, ஆறு பொம்மை! ஒரே ஒரு சென்டிமீட்டரில் துணிச் செலவு பாதியாகிறது. மரத்தில் தொங்குவதற்கு 7 சென்டிமீட்டர் தாராளம். பத்து பொம்மைக்கு இரண்டு ஷீட்டே போதும். நிறம் மாற்றி வேண்டும் என்பதால் நான்கு வாங்கலாம். காது, மூக்கு, வால் எல்லாம் ஓரத்தில் மிஞ்சும் துண்டுகளிலேயே வந்துவிடும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏ4 என்று சொல்லி விற்கும் ஷீட் சில நேரம் 20 சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். அப்போது அகலத்தில் மூன்று துண்டு வராது, இரண்டுதான் வரும். ஆறு பொம்மை நான்காகிவிடும். பையில் ஒரு இஞ்ச் டேப் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் முன்னால் அளக்கக் கூச்சப்பட வேண்டாம், துணிக் கடையில் அளப்பது ஒன்றும் தப்பில்லை.

ஃபெல்ட்டில் இரண்டு ரகம் உண்டு. கெட்டி ரகம் சார்ட், ஸ்கூல் பிராஜெக்ட், ஒட்டு வேலைக்கு. அதில் ஊசி இறங்காது, விரல் வலிக்கும். உங்களுக்கு வேண்டியது மெத்தென்ற ரகம். கையில் வைத்து மடித்துப் பாருங்கள், மடிப்புத் தடம் அப்படியே நின்றால் அது கெட்டி ரகம். பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். திட்டுத் திட்டாக வெளிச்சம் ஊடுருவினால் நாளைக்கு அந்த இடத்தில் பஞ்சு தெரியும். கடைசியாக ஓரத்தை விரலால் லேசாக உரசிப் பாருங்கள், நார் நாராகக் கையோடு வந்தால் வேண்டாம். இங்கே சாதாரணமாகக் கிடைப்பவை பாலியஸ்டர் அல்லது அக்ரிலிக் ஃபெல்ட்தான். கம்பளி ஃபெல்ட் விலை அதிகம், இந்த வேலைக்கு அவசியமும் இல்லை. ஆனால் பாலியஸ்டரில் இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் உருகிவிடும். சுருக்கம் எடுக்க வேண்டுமென்றால் மேலே ஒரு காட்டன் துணியைப் போட்டு, குறைந்த சூட்டில் தொட்டு எடுங்கள்.

ஃபெல்ட்டை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம், வெட்டிய ஓரம் பிரியாது. அதனால் உள்ளே மடிக்க வேண்டாம், தைத்துத் திருப்ப வேண்டாம், வெளியே தெரியும்படியே தைக்கலாம். காட்டன் துணி என்றால் சுற்றிலும் கால் இஞ்ச் தையல் விட்டு, வளைவுகளில் கத்தரியால் கொத்திவிட்டு, சிறிய ஓட்டை வழியாகப் புரட்ட வேண்டும். 7 சென்டிமீட்டர் யானையின் தும்பிக்கையைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

துணியில் ஆசை இருந்தால் வழி இருக்கிறது. தெருமுனை ஜாக்கெட் டெய்லரிடம் வெட்டு போக மிஞ்சும் பட்டு, சுங்குடித் துண்டுகளைக் கேளுங்கள். பல பேர் சும்மாவே கொடுப்பார்கள். உடம்பு ஃபெல்ட்டில் இருக்கட்டும், யானை முதுகுக்கு மட்டும் பட்டுத் துண்டு. பட்டு ஓரம் பிரியும் என்பதால், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸைப் பின்னால் ஒட்டிவிட்டு வெட்டுங்கள். கேன்வாஸும் அதே டெய்லரிடம் இருக்கும்.

நூலுக்கு வருவோம். எம்பிராய்டரி நூல் ஒரு லச்சி 8 மீட்டர், அதில் ஆறு இழை முறுக்கியிருக்கும். ஆறு இழையையும் சேர்த்துத் தைத்தால் கயிறு மாதிரி தெரியும், ஊசிக் காதிலும் நுழையாது. இரண்டு இரண்டு இழையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பிரித்தால் ஒரு லச்சி 24 மீட்டர் ஆகிறது. ஒரு பொம்மையைச் சுற்றித் தைக்கக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஆகும். ஆகவே கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, பிடித்த நிறத்தில் ஒன்று போதும். ஐம்பது நிறம் அடங்கிய பாக்கெட்டைக் காட்டி 'இதான் லாபம்' என்பார்கள். லாபம்தான், ஆனால் நமக்கில்லை.

பஞ்சு ஒரு பொம்மைக்கு ஐந்து கிராம் கூடப் பிடிக்காது. நூறு கிராம் வாங்கினால் பத்து பொம்மை போக மீதி இருக்கும். வீட்டில் பழைய ஃபைபர் தலையணை இருந்தால், உள்ளே சுத்தமாக இருக்கும் பட்சத்தில், அதையும் வாங்க வேண்டாம்.

கத்தரிக்கோல் புதிதாக வாங்குவதற்கு முன் வீட்டில் இருப்பதைச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்துப் பாருங்கள். நம் தெருக்களில் இன்னும் அவர்கள் வருகிறார்கள். முனை கூராக இருந்தால் போதும். ஊசி மட்டும் புதிதாகவே வாங்குங்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்றில் பழைய ஊசிகள் துருப்பிடித்து, வெள்ளை ஃபெல்ட்டில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். எம்பிராய்டரி ஊசியில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். இரண்டு இழைக்கு 7 அல்லது 8 சரியாக இருக்கும்.

தைக்கும் விதம் இதுதான். வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து வெட்டி, ஃபெல்ட்டின் மேல் வைத்துக் குறியுங்கள். கறுப்பு, நீலம் போன்ற அடர் நிறத்தில் தேய்ந்துபோன சோப்புச் சில்லால் கோடு போடலாம். டெய்லர் சாக் தனியாக வேண்டாம். முதல் பொம்மைக்கு ஆந்தை, திமிங்கிலம், தூங்கும் பூனை மாதிரி உருண்டையான உருவத்தைத் தேர்ந்தெடுங்கள். குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், மெல்லிய காலில் பஞ்சு போகவே போகாது. இரண்டு பக்கத்தையும் சேர்ப்பதற்கு முன்பே கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் முன்துண்டில் தைத்து முடித்துவிட வேண்டும். சேர்த்த பிறகு முகம் தைத்தால் முடிச்சை ஒளிக்க இடம் இருக்காது. அப்புறம் தொங்கவிடும் நாடாவை மடித்து இரண்டு துண்டுக்கும் நடுவில், ஒரு விரல்கடை உள்ளே போகும்படி வைத்து, சுற்றிலும் காஜா எடுப்பது போலத் தைத்து வாருங்கள். இதைத்தான் பிளாங்கெட் ஸ்டிச் என்கிறார்கள். நாடா இருக்கும் இடத்தில் இரண்டு முறை குத்தி எடுங்கள். இரண்டு விரல் அகலம் மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, பஞ்சைச் சிறு சிறு பிசிறாகப் பிய்த்து, பென்சிலின் மழுங்கிய முனையால் முதலில் காது, வால் போன்ற மூலைகளுக்குத் தள்ளி, பிறகு வயிற்றை நிரப்புங்கள். மொத்தமாக உருட்டி அடைத்தால் உள்ளே கட்டி கட்டியாக நிற்கும். இறுக்கி அடைத்தாலும் தையல் வாய் பிளக்கும்.

இனி அந்த இரண்டு வயதுக் குழந்தை. மரத்தில் தொங்குவது அலங்காரம்தானே என்று நாம் நினைப்போம், குழந்தை அப்படி நினைக்காது, பிடித்து இழுத்து வாயில் வைக்கும். ஆகவே பாசி, பட்டன், ஒட்டும் பிளாஸ்டிக் கண், சலங்கை எதுவும் வேண்டாம். கண்ணை நூலாலேயே தையுங்கள். பொம்மைகளுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 9873, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மையில் சிறு துண்டு எதுவும் கழன்று வரக்கூடாது என்கிறது. சிறு துண்டா என்று பார்க்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருளை வைத்திருக்கிறார்கள். அழுத்தாமல் அதற்குள் அடங்கிவிட்டால் அது தொண்டையில் சிக்கும் அளவு. நாம் வைக்கும் பட்டனும் பாசியும் எல்லாமே அதற்குள் அடங்கும். நாடாவும் குழந்தையின் தலை நுழையாத அளவுக்குச் சிறிய வளையமாக இருக்கட்டும். குண்டூசி வைத்துத் தைப்பவரானால், தொடங்கும்போது எத்தனை, முடித்தபின் எத்தனை என்று எண்ணிவிடுங்கள்.

கேள்வி: எம்.சி. ரோடு பக்கம் ஒரு கடையில் சிவப்பு ஃபெல்ட் வாங்கினேன். வெள்ளை ஃபெல்ட்டோடு சேர்த்துத் தைத்த பிறகு லேசாக ஈரம் பட்டதும் சாயம் இறங்கி எல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறது. ஒன்றும் செய்ய முடியாதா? (கொருக்குப்பேட்டை)

பதில்: செய்யலாம். அந்த வாசகத்தைப் பார்த்துப் பல பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் வரை நீங்கள் கேட்கலாம். பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் கடைக்காரர் பக்கம் நியாயம் உண்டு. நீங்கள் கேட்ட அளவுக்குத் துணியை வெட்டிக் கொடுத்த பிறகு 'நிறம் பிடிக்கவில்லை' என்று திருப்பிக் கொடுக்க முடியாது. அது குறை அல்ல, மனமாற்றம். சாயம் போவது குறை. அதிலும், தைத்து முடித்த பிறகு கொண்டுபோனால் 'நீங்கள் என்ன செய்தீர்களோ' என்பார். மிச்சம் இருக்கும் தைக்காத துண்டை ஈரமான வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தி, கைக்குட்டை சிவப்பாவதைக் கடையிலேயே காட்டுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும், பண்டிகை நேரத்தில் நாலு பேர் முன்னால் அந்தக் கைக்குட்டையை யாரும் விரும்ப மாட்டார்கள்.

முடியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வடசென்னைக்குத் தனி ஆணையமே உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். ஒரு ஷீட் ஃபெல்ட்டுக்காக அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நானாக இருந்தால் 1915-ஓடு நிறுத்திக்கொள்வேன்.

இனிமேல் சிவப்பு, மெரூன், கருநீலம் வாங்கினால் தைப்பதற்கு முன்பே கைக்குட்டைச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

கேள்வி: பாரிமுனையில் எந்தத் தெருவுக்குப் போவது? போனால் 'டஜன் கணக்கில்தான் தருவோம்' என்கிறார்களே? (தண்டையார்பேட்டை)

பதில்: துணி மொத்த வியாபாரத்துக்குக் கோடவுன் தெரு பெயர்போனது. ஆனால் உங்களுக்கு அங்கே வேலை இல்லை. அது முழுச் சுருளாகத் துணி எடுப்பவர்களின் தெரு. லேஸ், நாடா, பாசி, ஆரி வேலைச் சாமான், அலங்காரப் பொருள் என்றால் சவுக்கார்பேட்டை நாராயண முதலி தெருவைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஏறினால் மண்ணடியில் இறங்கி நடக்கலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்த பிறகு நம் பக்கத்து ஆட்களுக்கு அங்கே பைக் நிறுத்த இடம் தேடும் வேதனை இல்லை. மொத்தக் கடைகளுக்குப் பெரும்பாலும் ஞாயிறு விடுமுறை. டிசம்பர் இரண்டாம் வாரத்துக்கு மேல் சனிக்கிழமை மாலை அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மொத்தக் கடைக்காரர் பாக்கெட்டைப் பிரிக்க மாட்டார், அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. ஒரு பாக்கெட்டில் பத்து ஷீட் இருந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். நான்கு ஷீட்டுக்காக மட்டும் பாரிமுனை வரை போய், ஜூஸ் குடித்து, ஆட்டோவில் திரும்பினால் மிச்சம் எதுவும் இருக்காது. அதற்கு உங்கள் தெரு ஃபேன்சி ஸ்டோரும் டெய்லரிங் மெட்டீரியல் கடையுமே போதும், விலை ஐந்து பத்து கூட இருந்தாலும் பரவாயில்லை.

மீட்டர் கணக்கில் வாங்கினால், அளக்கும் இரும்புக் கோலில் அரசு முத்திரை இருக்கிறதா என்று கண்ணை ஓட்டுங்கள். கவுண்டர் மேசையில் ஆணி அடித்துக் குறித்து வைத்த அளவை நம்ப வேண்டாம். எடை, அளவு பற்றிய புகார்களைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் இருக்கும் சட்டமுறை எடையளவுப் பிரிவு கவனிக்கிறது.

கேள்வி: ஃபைபர் பஞ்சு பிளாஸ்டிக்தானே. இயற்கையாக இலவம் பஞ்சு அடைக்கலாமா? எங்கள் வீட்டில் பழைய தலையணை இருக்கிறது. (எண்ணூர்)

பதில்: அடைக்கலாம், பழைய தலையணையிலிருந்து வேண்டாம். இலவம் பஞ்சு வழவழப்பானது, லேசானது, மரத்தில் தொங்கும் பொம்மைக்கு எடை ஏறாது. ஆனால் அதன் இழை மிக நைசு. தையல் இடைவெளி அகலமாக இருந்தால் ஊசித் துளை வழியாகவே வெளியே வந்து பூத்துக்கொண்டே இருக்கும். வீசிங் உள்ளவர் வீட்டில் அடைக்கும் வேலையைச் செய்யாதீர்கள், பிசிறு காற்றில் மிதக்கும். நனைந்தால் கட்டிதட்டும். பல வருடம் தலைக்கு வைத்த பஞ்சில் தூசியும் வியர்வையும் ஏறியிருக்கும், அதைக் குழந்தை கைக்குக் கொடுப்பது சரியில்லை. புதிதாகக் கால் கிலோ வாங்கி, விதையையும் சக்கையையும் பொறுக்கிவிட்டு, நெருக்கமாகத் தையுங்கள். பரிசு துவைக்கப்படும் என்று தோன்றினால் ஃபைபரே மேல்.

கேள்வி: ஆன்லைனில் '20 நிறம், பெரிய ஷீட்' என்று படம் பார்த்து ஆர்டர் போட்டேன். வந்தது உள்ளங்கை அகலத்துக்கு. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். (வியாசர்பாடி)

பதில்: படத்தில் ஷீட்டுக்குப் பக்கத்தில் கை, பேனா எதுவும் இல்லாமல் இருந்தாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அளவு கீழே, சின்ன எழுத்தில், 10×10 என்று இருந்திருக்கும். அப்படி இருந்தால் உங்கள் வழக்கு பலவீனம். அளவே குறிப்பிடாமலோ, வேறு அளவு எழுதியோ விற்றிருந்தால் நீங்கள் விடக் கூடாது. இப்போதே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். ஷீட்டின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ. பிறகு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-இல் வந்த இணையவழி வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் சேவை சாட்டில் 'வருந்துகிறோம்' என்று வருவது இந்தக் கணக்கில் சேராது. அதிகாரியின் பெயரும் தொடர்பும் தளத்திலேயே போட்டிருக்க வேண்டும் என்பதும் விதி, அடியில் போய்த் தேடுங்கள்.

கேள்வி: பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி. மேல் ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் கூட்டியிருக்கிறார்கள். இது சரியா? (பெரம்பூர்)

பதில்: தப்பு. விலையைக் குறைப்பதற்கு ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். கூட்டி ஒட்டக் கூடாது. வெளிநாட்டுச் சரக்கில் இறக்குமதியாளர் பெயர், விலை, மாதம் எல்லாம் ஸ்டிக்கரில் வருவது வேறு கதை, அது அனுமதிக்கப்பட்டது. சந்தேகம் வந்தால் நகத்தால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்.

கேள்வி: நான் தைத்த பொம்மைகளை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். 'எனக்கு இருபது வேண்டும், ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு' என்று கேட்கிறார்கள். விற்கலாமா? என்ன விலை சொல்வது? (திருவொற்றியூர்)

பதில்: சந்தோஷமான செய்திதான், ஆனால் இங்கே பரிசுக்கும் விற்பனைக்கும் சட்டத்தில் வித்தியாசம் இருக்கிறது. பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020 என்று ஒன்று உண்டு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மையை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. பஞ்சு பொம்மையும் அதில் அடக்கம். கைவினைஞர்களுக்கு இதில் விலக்கு இருக்கிறது, ஆனால் நாமாகவே 'நான் கைவினைஞர்' என்று சொல்லிக்கொண்டால் போதாது. மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அங்கே கொடுக்கும் அடையாள அட்டைக்குப் 'பெஹ்சான்' என்று பெயர்.

'இது அலங்காரப் பொருள், விளையாட ஏற்றதல்ல' என்று ஒரு சீட்டு கட்டிவிட்டால் சரியாகிவிடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மரத்தில் தொங்கும் நட்சத்திரத்துக்கு அது பொருந்தலாம். குழந்தையின் பிறந்தநாளில் இருபது பிள்ளைகளுக்குக் கையில் கொடுக்கும் நாய்க்குட்டியை அலங்காரம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ரிட்டர்ன் கிஃப்ட் ஆர்டரை எடுப்பதற்கு முன் தரமணியில் இருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) அலுவலகத்தில் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

இதே விஷயம் வாங்குபவர்களுக்கும்: கடையில் பஞ்சு பொம்மை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணைப் பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம் என்று வந்துவிடும். முத்திரையை அச்சடிப்பது சுலபம், எண் பொருந்துவதுதான் கஷ்டம்.

விலைக்கு வருவோம். சாமான் செலவை மட்டும் பார்த்து முப்பது ரூபாய் என்று சொல்லிவிடாதீர்கள். துணி, நூல், பஞ்சு மூன்றும் சேர்ந்தாலும் பொம்மையின் விலையில் சிறு பங்குதான், பெரும்பங்கு உங்கள் நேரம். புதிதாகத் தைப்பவருக்கு ஒரு பொம்மைக்கு ஒரு மணி நேரம் தாராளமாக ஆகும். அந்த ஒரு மணிக்கு ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் செய்தாலே என்ன கிடைக்கும் என்று யோசித்து, அதைச் சேர்த்துச் சொல்லுங்கள். 'கடையில் இதைவிடச் சீப்பு' என்பார்கள். கடையில் மிஷினில் அடித்தது சீப்புதான், அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். தெரிந்தவர் என்று இருபது பொம்மைக்கு ஒத்துக்கொண்டு, பதினைந்தாவதில் கண்ணைக் கோணலாகத் தைப்பதைவிட ஐந்து எடுத்துச் செய்யுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள், சொந்தக்காரர்களிடம் முழுப் பணமும்.

கேள்வி: போன வருடம் தைத்த பொம்மைகளில் ஒட்டடையும் தூசியும். வாஷிங் மெஷினில் போடலாமா? (காசிமேடு)

பதில்: வேண்டாம். ஃபெல்ட் மேலெல்லாம் மொட்டு மொட்டாக உருண்டுவிடும், பஞ்சும் ஒரு பக்கமாக ஒதுங்கும். டேப் ஒட்டி எடுத்தால் தூசி வந்துவிடும். கறை இருந்தால் ஷாம்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுத்து, நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். எடுத்து வைக்கும்போது மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். கொக்கி கம்பியாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நாடாவாக மாற்றிவிடுங்கள், உங்கள் பக்கத்துக் காற்றுக்குக் கம்பி அடுத்த டிசம்பர் வரை தாங்காது.